பக்கத்து வீட்டு மோட்டார், பள்ளிக்கூட ஜெனரேட்டர்: சத்தத்தை அளப்பதும் அடக்குவதும்

ஜெனரேட்டர், ஏசி, தண்ணீர் மோட்டார் மாட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. ஊர் கோயம்புத்தூர். சத்தம் போடுகிற சாமானை விற்கிறவனே சத்தத்தைப் பற்றி எழுதுவதா என்று கேட்கலாம். விற்ற பிறகு வருகிற அக்கம்பக்கச் சண்டைக்கும் என்னைத்தானே கூப்பிடுகிறார்கள்! அதனால் சட்டம் என்ன சொல்கிறது, எப்படி அளப்பது, எதைச் சரிசெய்தால் சத்தம் அடங்கும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் எண்கள். இந்தியா முழுக்கச் செல்லுபடியாவது ஒலி மாசு விதிகள், 2000. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதியில் 65, 55. தொழிற்பகுதியில் 75, 70. அமைதி மண்டலத்தில் 50, 40. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. அதாவது, எங்கள் ஊர்ப் பெருமையான கிரைண்டரை விடிகாலை ஐந்தரைக்குப் போட்டால், சட்டத்தின் கணக்கில் அது ராத்திரிச் சத்தம்.

பள்ளிக்கூடத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்று எல்லோரும் சொல்வார்கள். 2017-இல் விதியைத் திருத்திவிட்டார்கள். மாநில அரசு தனியாக அறிவித்த இடம் மட்டும்தான் இப்போது அமைதி மண்டலம். உங்கள் பள்ளி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு பேசுங்கள். இல்லையென்றால் சுற்றியிருப்பது என்ன பகுதியோ அந்த எண்தான். கீழே கடை மேலே வீடு என்று கலந்திருக்கும் தெருவை எந்த வகையில் சேர்ப்பது என்பதையும் அதிகாரிதான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயங்களைப் பலரும் கவனிப்பதில்லை. ஒன்று, அளவைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால் புகார் கொடுக்கலாம் என்கிறது 7-ஆவது விதி. குடியிருப்பில் இரவில் 55, பகலில் 65 வந்தால் உங்கள் கை ஓங்கும். இரண்டு, இந்த எண்கள் எல்லாம் சராசரி. ஒரு நொடி உச்சம் அல்ல. எட்டு மணி நேர இரவில் அரை மணி நேரம் மட்டும் ஓடும் மோட்டார் ஜன்னலோரம் 60 காட்டினாலும், முழு இரவுக்கும் சராசரி போட்டால் 48-தான் தேறும். அந்த மாதிரிச் சத்தத்துக்குச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போவது வீண் அலைச்சல். மோட்டாருக்கு அடியில் ரப்பர் வைப்பதுதான் வழி.

ஜெனரேட்டர் கதை வேறு. 2005 ஜனவரி 1-க்குப் பிறகு தயாரான, 1000 கேவிஏ (ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு) வரையிலான டீசல் ஜெனரேட்டர் சத்தம் தடுக்கும் கூண்டோடுதான் வர வேண்டும். கூண்டிலிருந்து 1 மீட்டரில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. விற்பவர் அந்தச் சான்றிதழைக் காட்டுவார், வாங்கியவர் அதை ஃப்ரேம் போட்டு வைத்துக்கொள்வார். ஆனால் 1 மீட்டரில் 75 என்றால் பக்கத்து வீட்டில் எவ்வளவு? திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும். 2 மீட்டரில் 69, 4 மீட்டரில் 63, 8 மீட்டரில் 57, 16 மீட்டரில் 51. இரவு அளவான 45-ஐத் தொட 32 மீட்டர் வேண்டும். நம் ஊரில் இரண்டு வீட்டுக்கு நடுவே அத்தனை இடம் யாரிடம் இருக்கிறது? காம்பவுண்டு சுவர்களுக்கு நடுவே சத்தம் எதிரொலிப்பதால் இந்த அளவுக்குக்கூடக் குறையாது. ஆகவே சான்றிதழ் சரியாக இருந்தும் பக்கத்து வீட்டு அளவு தப்பாகும். வைக்கிற இடத்தாலும் தடுப்பாலும் வளாகத்துக்கு வெளியே அளவுக்குள் கொண்டுவரப் பாடுபடுவது வாங்கியவரின் பொறுப்பு என்று அதே ஜெனரேட்டர் விதியில் எழுதியிருக்கிறது. அந்த வரியை யாரும் படிப்பதில்லை.

சரி, அளப்போம். ஐபோன் இருந்தால் அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயாஷ் (NIOSH) இலவசமாகத் தரும் சத்தமானி ஆப் நம்பகமானது. ஆண்ட்ராய்டில் போனுக்குப் போன் மாறும். தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் மீட்டர் இருந்தால் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அமைப்பில் 'ஏ' (மனிதக் காது கேட்கிற விதத்துக்கு ஏற்ப அளக்கும் அளவுகோல்), 'ஸ்லோ' (எண் துள்ளாமல் நிதானமாக மாறும் முறை) இரண்டையும் தேர்ந்தெடுத்து, சராசரியைக் காட்டும்படி வையுங்கள். நெஞ்சு உயரத்தில், சுவரை விட்டு ஒரு மீட்டராவது தள்ளிப் பிடியுங்கள். காற்று பலமாக அடிக்கும் நாளில் அளக்க வேண்டாம். மெஷின் ஓடும்போது ஐந்து நிமிடம் அளந்தபின், அது நின்றதும் அதே இடத்தில் இன்னொரு ஐந்து நிமிடம் அளக்க வேண்டும். இந்த இரண்டாவது அளவை எடுக்காமல் வருகிறவர்கள்தான் அதிகம். இரண்டுக்கும் வித்தியாசம் 3 டெசிபலுக்குக் கீழே என்றால் மெஷினை மட்டும் குறை சொல்ல முடியாது, தெருவே அந்தச் சத்தம்தான். 10-க்கு மேல் என்றால் நீங்கள் பார்த்த எண் மெஷினுடையதேதான்.

மீட்டரில் எண் சின்னதாக வந்தும் தலை வலிக்கிறது என்பவர்களும் உண்டு. அது மனப்பிரமை இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மோட்டாரின் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸில் வரும். 'ஏ' அளவுகோல் அந்தத் தாழ்ந்த சுருதியில் சுமார் 19 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டுகிறது. சுவரில் கை வைத்துப் பாருங்கள். கையில் அதிர்வு தெரிந்தால் சத்தம் காற்று வழியாக வரவில்லை, கட்டடம் வழியாக வருகிறது. அதற்கு ஜன்னலை மூடியும் பயனில்லை, திரை போட்டும் பயனில்லை.

இனி வைத்தியம். மோனோபிளாக் மோட்டாரை (மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது) தளத்தில் நேராக போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். அதைக் கழற்றி, கனமான கான்கிரீட் மேடை போட்டு, மேடைக்கு அடியில் அதிர்வு தாங்கும் ரப்பர் பேட் கொடுக்க வேண்டும். போல்ட் ரப்பரைத் துளைத்துக் கீழே தளத்தைப் பிடித்துவிட்டால் ரப்பர் வைத்ததே வீண். இதை மேஸ்திரியின் பக்கத்தில் நின்று பாருங்கள். மோட்டாரில் இருந்து மேலே போகும் பைப்பின் முதல் ஓரடியில் வளையும் ஹோஸ் போடுங்கள். பைப் சுவரைத் தொடும் இடத்தில் கிளாம்புக்குள் ரப்பர் வையுங்கள். மோட்டார் நிற்கும்போது 'டப்' என்று இடித்தால் அது 'நான்-ரிட்டர்ன்' வால்வின் (தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு) வேலை. ஸ்பிரிங் வைத்த வால்வாக மாற்றுங்கள். கிரீச் என்றால் பேரிங்.

ஏசி அவுட்டோர் யூனிட்டில் பாதிப் புகார் லூசான தகடும், பிராக்கெட்டில் ரப்பர் இல்லாததும்தான். பக்கத்து வீட்டு யூனிட் என்றால் மீட்டரை நீட்டிக்கொண்டு போகாதீர்கள். "அண்ணா, உங்க அவுட்டோர்ல ஏதோ தகடு ஆடுற மாதிரி இருக்குங்க, அடுத்த தடவை சர்வீஸுக்கு ஆள் வந்தா பார்க்கச் சொல்றீங்களா?" என்று கேளுங்கள். எண்ணைச் சொன்னால் வழக்கு, தகட்டைச் சொன்னால் சர்வீஸ். நான் பார்த்தவரை முக்கால்வாசி இதிலேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் புகார். விதிப்படி அதிகாரம் உள்ளவர்கள் மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், டிஎஸ்பிக்குக் குறையாத நியமிக்கப்பட்ட அதிகாரி. காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு நகல் அனுப்புங்கள். மனுவில் மன உளைச்சல் பற்றி ஒரு வரி போதும். மற்றதெல்லாம் இப்படி இருக்கட்டும்: "எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே, இரவு 11 மணிக்கு, ஜெனரேட்டர் ஓடும்போது சராசரி 61, நின்ற பிறகு 44. குடியிருப்புப் பகுதிக்கான இரவு அளவு 45. ஒலி மாசு விதிகள் 2000-இன் 7-ஆவது விதியின் கீழ் வாரியத்தின் கருவியால் அளந்து நடவடிக்கை எடுக்கக் கோருகிறேன்." உங்கள் போன் அளவு சாட்சியாகாது, அதிகாரியை மீட்டரோடு வரவழைக்கத்தான் அது. ஒரு தெருவுக்கே தொல்லை என்றால் பல வீட்டார் கையெழுத்தோடு கோட்டாட்சியரிடம் பொதுத் தொல்லை மனு கொடுக்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவு என்றிருந்தது, 2024 ஜூலை முதல் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ஆவது பிரிவு.

பள்ளிக்கூடங்களுக்குத் தனியாகக் கொஞ்சம். வகுப்பறைக்குள் பாட நேரத்தில் 35 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் வகுப்பறையில் ஜன்னல் திறந்துதான் இருக்கும். திறந்த ஜன்னல் 10 முதல் 15 டெசிபல்தான் தடுக்கும். வெளியே 65 இருந்தால் உள்ளே 50-க்குக் குறையாது. டீச்சர் கத்த வேண்டும், கடைசி பெஞ்சுக்குப் பாதி வார்த்தைதான் போய்ச் சேரும். வாசலில் லாரி ஹாரனைப் பற்றிப் புகார் எழுதுகிற பள்ளிகளில், உள்ளேயே ஐந்தாம் வகுப்புச் சுவரை ஒட்டி ஜெனரேட்டர் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கிட்டே போய்ப் பார்த்தால் கூண்டின் இரண்டு கதவும் திறந்து, செங்கல் முட்டுக் கொடுத்திருக்கும். கதவு ஓரத்து ரப்பர் பிய்ந்து தொங்கும், உள்ளே ஒட்டிய பஞ்சு டீசலில் ஊறிக் கறுத்திருக்கும். வாட்ச்மேனைக் கேட்டால், "மூடினா சூடாயி நின்னுருதுங்க" என்பார். அவர் சொல்வது நிஜம். சுவரோடு ஒட்டி வைத்ததால் சூடான காற்று வெளியேற வழியில்லை. கதவை மூடச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினால் தீராது. ரேடியேட்டர் பக்கம் தகர டக்ட் (காற்றைக் கொண்டுபோகும் குழாய்) வைத்துச் சூட்டை மேலே அல்லது காலி மைதானத்துப் பக்கம் திருப்ப வேண்டும், காற்று உள்ளே வரும் பக்கத்தை அடைக்காமல் விட வேண்டும். அப்புறம் கதவு தானாக மூடியே இருக்கும்.

புதிதாக வாங்கும் பள்ளியோ அபார்ட்மெண்ட் சங்கமோ ஆர்டரில் ஒரு வரி சேருங்கள்: "முழு லோடில், கூண்டுக் கதவுகள் மூடிய நிலையில், பக்கத்து வீட்டு எல்லையிலும் அருகிலுள்ள வகுப்பறை ஜன்னலிலும் அளந்து, பகலில் 55 டெசிபலுக்குள் காட்டிய பிறகே கடைசித் தவணை." இரவிலும் ஓடும் என்றால் 45 என்று எழுதுங்கள். என்னைப் போன்றவர்கள் முகம் சுளிப்போம், விலையையும் ஏற்றிச் சொல்வோம். விட்டுக்கொடுக்காதீர்கள்.