படைவீரர் குடியிருப்புக்கான அரசு நிதியை ஆவணங்களில் பின்தொடர்வது எப்படி

ஒவ்வொரு பிப்ரவரியிலும் மத்திய அரசின் நிதிநிலை அறிக்கை தாக்கலாகும்போது பாதுகாப்புத் துறைக்கான மொத்தத் தொகை தலைப்புச் செய்தியாகிறது. ஆனால் படைத்தளத்தில் புதிதாகக் குவார்ட்டர்ஸ் எழுமா, இருக்கும் குவார்ட்டர்ஸின் ஒழுகும் கூரை சரிசெய்யப்படுமா என்ற கேள்விக்கு அந்தத் தொகையில் விடை இல்லை. விடை வேறு சில ஆவணங்களில் இருக்கிறது. அவை பெரும்பாலும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டவை. எதை எந்த வரிசையில் படிப்பது என்று தெரிந்தால் போதும்.

முதலில் மொத்தத் தொகையைப் பிரித்துப் பாருங்கள். 2025-26ஆம் ஆண்டுக்குப் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 6,81,210 கோடி ரூபாய். இது நான்கு மானியக் கோரிக்கைகளாக, அதாவது செலவுக்கு அனுமதி கேட்கும் கோரிக்கைகளாக, நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படுகிறது: அமைச்சகத்தின் குடிமைப் பிரிவு, படைகளின் வருவாய்ச் செலவு (ஊதியம், பராமரிப்பு போன்ற அன்றாடச் செலவு), படைகளின் மூலதனச் செலவு (கொள்முதல், கட்டுமானம் போன்றவை), ஓய்வூதியம். ஓய்வூதியம் மட்டுமே 1,60,795 கோடி. மூலதனச் செலவு 1,80,000 கோடி என்றாலும், அதில் 1,48,722.80 கோடி விமானம், கப்பல், ஆயுதம் முதலிய கொள்முதலுக்குப் போய்விடுகிறது. எஞ்சும் 31,277.20 கோடியில்தான் ஆராய்ச்சியும் நாடு முழுவதுமுள்ள படைத்தளங்களின் கட்டுமானமும் இடம்பெற வேண்டும். எனவே மூலதனச் செலவு உயர்ந்தது என்ற செய்தியைப் படித்ததும் வீடுகள் கூடும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உயர்ந்தது கொள்முதலாக இருக்கலாம்.

அடுத்து, பாதுகாப்பு அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் 'டிஃபென்ஸ் சர்வீசஸ் எஸ்டிமேட்ஸ்' என்ற தொகுதியைத் திறந்து, 4076 என்ற கணக்குத் தலைப்பைத் தேடுங்கள். மூலதனச் செலவு முழுவதும் இதன்கீழ் இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நிலம், கட்டுமானப் பணிகள் என்ற துணைத் தலைப்புகளே உங்களுக்கு வேண்டியவை. ஆனால் இதோடு நிறுத்திவிடக் கூடாது. கட்டி முடித்த வீட்டின் பழுது, வெள்ளையடிப்பு, குடிநீர், மின்சாரம் ஆகியவை வருவாய்க் கணக்கைச் சேர்ந்தவை. தரைப்படைக்கு 2076, கடற்படைக்கு 2077, விமானப்படைக்கு 2078 என்ற தலைப்புகளின்கீழ் 'பணிகள்' என்ற இனத்தில் அவற்றைக் காணலாம். என் பார்வையில் இந்தப் பராமரிப்புத் தொகைதான் அதிகக் கவனத்துக்கு உரியது. புதிய கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு, பராமரிப்புக்கு அது இல்லை. ஆனால் ஒரு குடும்பம் அன்றாடம் அனுபவிப்பது பராமரிப்பின் தரத்தைத்தான்.

இங்கே சில கணக்குகளைக் கலந்துவிடாமல் இருப்பது அவசியம். எல்லைச் சாலைகள் அமைப்புக்கான பணம் குடிமைப் பிரிவின் மானியத்தில் வருகிறது. எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை ஆகியவற்றின் குடியிருப்புகள் உள்துறை அமைச்சகத்தின் பொறுப்பு. 1978இல் தொடங்கப்பட்ட ராணுவ நல வீட்டுவசதி நிறுவனம் கட்டும் அடுக்குமாடி வீடுகளோ, பணியிலிருப்போரும் ஓய்வுபெற்றோரும் சொந்தப் பணம் கட்டி வாங்குபவை. அவை அரசின் ஒதுக்கீட்டில் எழுந்தவை அல்ல.

எண்களைப் படிக்கும்போது ஒரே ஆண்டுக்கான மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்: ஆண்டுத் தொடக்கத்தில் சொன்ன மதிப்பீடு, இடையில் திருத்திய மதிப்பீடு, ஆண்டு முடிந்தபின் தெரியவரும் உண்மைச் செலவு. மார்ச் 31க்குள் செலவழிக்காத பணம் காலாவதியாகிவிடும் என்பதால், திருத்திய மதிப்பீடு தொடர்ந்து குறைந்துகொண்டே வந்தால் ஏதோ ஒரு கட்டத்தில் பணிகள் தேங்குகின்றன என்று சந்தேகிக்க இடமுண்டு. ஓராண்டை மட்டும் பார்த்து முடிவு சொல்வது சரியாகாது. ஐந்தாண்டு எண்களையாவது அருகருகே எழுதிப் பார்க்க வேண்டும்.

தேக்கம் ஏன் வருகிறது என்பதை அறிய, ஒரு பணி ஒப்புதல் பெறும் வழியையும் தெரிந்துகொள்ள வேண்டும். தளத்தில் அதிகாரிகள் குழு ஒன்று கூடித் தேவையைப் பதிவு செய்கிறது. எத்தனை வீரருக்கு எத்தனை வீடு, எந்தப் பதவிநிலைக்கு எவ்வளவு பரப்பு என்பது 2022இல் புதுப்பிக்கப்பட்ட குடியிருப்பு அளவுகோல்களின்படி கணக்கிடப்படுகிறது. பின்னர் 2020இல் திருத்தப்பட்ட பணி நடைமுறை விதிகளின்படி, தொகைக்கு ஏற்ற அதிகாரம் உள்ளவர் தேவையை ஏற்று, நிர்வாக ஒப்புதல் தந்த பிறகே, 1923 முதல் இயங்கிவரும் எம்.இ.எஸ். என்னும் ராணுவப் பொறியியல் பணிகள் துறை ஒப்பந்தம் கோருகிறது. இதனால் ஓராண்டின் கட்டுமான நிதியில் பெரும்பகுதி, முந்தைய ஆண்டுகளில் ஒப்புதலான பணிகளுக்குத் தர வேண்டிய பாக்கிக்கே போகிறது. 2002இல் தொடங்கிய, குடும்பத்தோடு வாழ்வோருக்கான வீட்டுத் திட்டம் இதற்குச் சான்று: முப்படைகளுக்கும் சேர்த்துச் சுமார் 2 லட்சம் வீடுகள் என்ற இலக்கு, கட்டம் கட்டமாக நகர்ந்து இருபது ஆண்டுகள் கடந்தும் நிறைவடையவில்லை. எத்தனை வீடுகள் முடிந்தன, எத்தனை நிலுவையில் உள்ளன என்பதைப் பாதுகாப்புக்கான நாடாளுமன்ற நிலைக்குழு தன் மானியக் கோரிக்கை அறிக்கைகளில் அமைச்சகத்திடம் கேட்டுப் பதிவு செய்கிறது. அந்த அறிக்கையையும், அதன் மீது அரசு எடுத்த நடவடிக்கை பற்றிய அறிக்கையையும் சேர்த்தே படியுங்கள்.

உங்கள் ஊருக்கு அருகிலுள்ள தளத்தின் நிலையை அறிய ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகள் உதவும். வெலிங்டன், தாம்பரம், சூலூர், அரக்கோணம் போன்ற இடங்களின் பெயரை இட்டு, பாதுகாப்புத் துறையின் இணையவழி ஒப்பந்தத் தளத்தில் தேடலாம். பணியின் பெயர் சுருக்கெழுத்துகளாலேயே நிறைந்திருக்கும்: 'டி.யூ.' என்றால் குடும்ப வீடு, 'ஓ.டி.எம்.' என்றால் குடும்பமின்றித் தங்குவோருக்கான இடம், 'ஜே.சி.ஓ.', 'ஓ.ஆர்.' என்பவை அந்த வீடு இளநிலை அதிகாரிகளுக்கா, ஜவான்களுக்கா என்பதைக் காட்டும். 'ஸ்பெஷல் ரிப்பேர்' என்றால் புதிய வீடு அல்ல, பழையதன் பெரிய பழுதுபார்ப்பு. இதைக் கவனிக்காமல் பழுதுபார்ப்பு அறிவிப்பைப் புதுக் குடியிருப்பாக எண்ணிவிடுவது எளிதில் நேரக்கூடியது.

குவார்ட்டர்ஸ் கிடைக்காதோருக்கு அரசு வீட்டு வாடகைப்படி தருகிறது. அகவிலைப்படி 50 விழுக்காட்டை எட்டிய 2024 ஜனவரியிலிருந்து, சென்னை போன்ற எக்ஸ் வகை நகரங்களில் அடிப்படை ஊதியத்தில் 30, கோவை, மதுரை போன்ற ஒய் வகை நகரங்களில் 20, பிற இடங்களில் 10 விழுக்காடு என்பது விகிதம். இந்தச் செலவு ஊதியக் கணக்கில் சேர்கிறது. கட்டுமானத் தலைப்பில் இதைத் தேடினால் கிடைக்காது.

இவற்றுக்குப் பின்னும் ஐயம் எஞ்சினால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பியுங்கள். துணைராணுவப் படைகள் பல இச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டு விலக்குப் பெற்றிருந்தாலும், முப்படைகள் அந்தப் பட்டியலில் இல்லை. எனினும் நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கும் தகவலைப் பிரிவு 8(1)(அ) மறுக்க வழி தருவதால், தளத்தின் வரைபடத்தையோ வீரர்களின் எண்ணிக்கையையோ கேட்காதீர்கள். குறிப்பிட்ட ஒப்பந்தத்தின் எண்ணைச் சொல்லி, நிர்வாக ஒப்புதலின் தேதி, ஒப்புதல் தொகை, இதுவரை வழங்கிய தொகை, முடிக்க வேண்டிய தேதி, ஒப்படைத்த வீடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை மட்டும் தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, அடுத்த 30 நாட்களுக்குள் அதே துறையின் முதல் மேல்முறையீட்டு அலுவலரிடமும், அதன்பின் 90 நாட்களுக்குள் மத்தியத் தகவல் ஆணையத்திடமும் முறையிடலாம்.