வரியை எங்கே மடக்குவது? புதிதாக எழுதுபவர்களுக்கு ஒரு செய்முறை

"உரைநடையை மடக்கி மடக்கி எழுதினால் கவிதையா?" என்று கேட்பவர்கள் மேல் எனக்கு நெடுநாள் கோபம் இருந்தது. ஒருநாள் என் கவிதை ஒன்றை ஒரே பத்தியாகச் சேர்த்து எழுதிப் பார்த்தேன். எதுவும் குறையவில்லை. மூச்சு விடும் இடம் பார்த்து மடக்கியிருந்தேன், அவ்வளவுதான். அந்தக் கவிதையில் வரிகளுக்கு ஒரு வேலையும் இல்லை. அதைச் சரிசெய்யப் போய்க் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். சீர், எதுகை என்றால் என்னவென்று பள்ளியில் படித்தது நினைவிருந்தால் போதும்.

வரி முடிந்த பின்னும் வாக்கியம் முடியாமல் அடுத்த வரிக்கு ஓடுவதை ஆங்கிலத்தில் என்ஜாம்ப்மென்ட் என்பார்கள். பிரெஞ்சிலிருந்து போன சொல். காலெடுத்து வைத்துத் தாண்டுவது என்று பொருள். நான் வரித்தாண்டல் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

முதல் படி: ஒரு குறளை மறைத்துப் படியுங்கள்

1091ஆம் குறளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் அடியை ஒரு தாளால் மூடிவிட்டு முதல் அடியை மட்டும் படியுங்கள்.

இருநோக்கு இவளுண்கண் உள்ளது ஒருநோக்கு

இவள் மை தீட்டிய கண்ணில் இரண்டு பார்வை உண்டு, ஒரு பார்வை... அங்கேயே நில்லுங்கள். முதல் சீர் இருநோக்கு, நான்காம் சீர் ஒருநோக்கு. ஓரடியின் முதல் சீரும் நான்காம் சீரும் இப்படிச் சேர்வது ஒரூஉ எதுகை. காதுக்கு அடி நிறைவாக மூடிவிட்டது. வாக்கியமோ திறந்தே கிடக்கிறது. அந்த ஒரு பார்வை என்ன செய்யும்? இப்போது தாளை எடுங்கள்.

நோய்நோக்கொன் றந்நோய் மருந்து

ஒன்று நோய் தரும் பார்வை, மற்றொன்று அந்த நோய்க்கு மருந்து. அவள் பார்த்துவிட்டாள், ஆனால் எந்தப் பார்வை என்று இன்னும் தெரியவில்லை. அந்தத் தவிப்பு முழுவதும் இரண்டு அடிகளுக்கும் நடுவில் இருக்கிறது. மருந்து வருவது கடைசிச் சொல்லில். அதுவரை காத்திருந்தே ஆக வேண்டும்.

முதல் குறளையும் இதே மாதிரி மூடிப் பாருங்கள். "அகர முதல எழுத்தெல்லாம் ஆதி" என்று அடி முடிகிறது. தொடக்கம் என்று பொருள்படும் சொல் அடியின் முடிவில் நிற்கிறது, "பகவன்" அடுத்த அடியில் வந்து அதைச் சேர்த்துக்கொள்கிறார். அகர, பகவன் என்ற எதுகைதான் புது அடி தொடங்கிவிட்டது என்று காதுக்குச் சொல்கிறது. ஓலைச்சுவடியில் செய்யுளை அடி அடியாகப் பிரித்து எழுதமாட்டார்கள், தொடர்ந்தாற்போல எழுதிக்கொண்டே போவார்கள். அடியைக் காட்டிக்கொடுத்தவை எதுகையும் சீர்க்கணக்கும். புதுக்கவிதையில் நாம் அந்த இரண்டையும் விட்டுவிட்டோம். நமக்கு மிஞ்சியது வரியின் விளிம்பு ஒன்றுதான். அதை வீணடிக்கவே கூடாது.

இரண்டாம் படி: கடைசிச் சொல் என்ன சொல் என்று பாருங்கள்

நான் மாதக்கணக்கில் சிக்கிக்கொண்ட இடம் இது. நல்ல கனமான சொல்லாகப் பார்த்து வரியை முடித்தால் போதும் என்று நினைத்திருந்தேன். கனத்தை விட அந்தச் சொல்லின் இலக்கணம் முக்கியம் என்று பிறகுதான் பிடிபட்டது.

வந்தான், பார்த்தாள் போன்ற வினைமுற்றில் முடித்தால் வரி நின்றுவிடும். வந்து, பார்த்து போன்ற வினையெச்சத்தில் முடித்தால் வரி தாண்டும், ஆனால் அழுத்தம் இருக்காது. நாம் பேசும்போதே வந்து, பார்த்து, போய் என்று கோத்துக்கொண்டுதான் போகிறோம். அடுத்து ஒரு பெயர்ச்சொல்லைக் கேட்கும் வந்த, மறந்த போன்ற பெயரெச்சத்தில் முடித்துப் பாருங்கள். வரி கையை நீட்டியபடி நிற்கும்.

இவற்றை விட வலுவானது "வரும்", "போகும்" போன்ற சொற்கள். செய்யும் என்ற வாய்பாட்டில் வரும் சொல், வினைமுற்றாகவும் இருக்கும், பெயரெச்சமாகவும் இருக்கும். எது என்று அடுத்த சொல்தான் முடிவு செய்யும். அந்த அடுத்த சொல்லை அடுத்த வரிக்குத் தள்ளிவிட்டால்?

அப்பாவின் கடிதம் வரும்
பாதையெல்லாம் புல்

முதல் வரியை மட்டும் படித்தால் கடிதம் வரப்போகிறது. இரண்டாம் வரியில் "வரும்" பெயரெச்சமாக மாறிவிடுகிறது. நடமாட்டமே இல்லாமல் பாதையில் புல் மண்டிக் கிடக்கிறது. கடிதம் வராது என்று நான் எங்கும் எழுதவில்லை. இதையே வேறு இடத்தில் மடக்கினால்:

அப்பாவின் கடிதம்
வரும் பாதையெல்லாம் புல்

சொற்கள் அதேதான், ஆனால் நம்பிக்கை காணாமல் போய்விட்டது. படிப்பவர் ஒரு கணம்கூடக் கடிதத்துக்குக் காத்திருக்கவில்லை. இந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்த அன்றுதான் மடக்குவது என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது.

"இல்லை" என்ற சொல்லும் இப்படி உதவும். தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வருவதால் அதைப் பிடித்துவைக்க முடிகிறது.

நான் உன்னைத் தேடாத நாள்
இல்லை

ஒரு கவிதையில் ஒருமுறைக்கு மேல் இதைச் செய்யாதீர்கள். இரண்டாம் முறை படிப்பவர் முன்கூட்டியே தயாராகிவிடுவார்.

சொல்லையே உடைத்து "காத்திருக்க / வில்லை" என்று மடக்குவது எனக்குப் பிடிப்பதில்லை. மேலே குறளில் "ஒன்று" என்ற சொல் "நோக்கொன் றந்நோய்" என்று உடைந்திருப்பது சீர்க்கணக்குக்காக. அதற்கு வகையுளி என்று பெயர். நமக்கு அந்தக் கணக்கு இல்லை.

மூன்றாம் படி: நிற்கும் வரிகளோடு கலந்து வையுங்கள்

எல்லா வரியும் தாண்டினால் எதுவும் தாண்டியதாகத் தெரியாது. குறுந்தொகை 40ஆம் பாட்டைப் பாருங்கள்.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே

முதல் மூன்று அடிகளும் தனித்தனிக் கேள்விகள். உன் தாய் யாரோ, என் தாய் யாரோ என்று மனிதர்கள் தனித்தனியாக நிற்கிறார்கள், அடிகளும் தனித்தனியாகவே நிற்கின்றன. நான்காம் அடி "போல" என்று முடியாமல் நின்று ஐந்தாம் அடிக்குள் ஓடுகிறது. செம்மண்ணில் நீர் கலக்கும் இடத்தில் அடியும் அடியும் கலந்துவிடுகின்றன. அந்த நான்காம் அடிக்கு மூன்றே சீர். ஈற்றுக்கு முந்தைய அடி மூன்று சீராக வருவது நேரிசை ஆசிரியப்பா என்ற இந்தப் பாவகையின் விதிதான். ஆனால் அந்தக் குறைந்த ஒரு சீரின் இடத்தில் மழைநீர் மண்ணில் இறங்கும் நேரம் கிடைத்துவிடுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடத்தில் மனம் நின்றுவிடும்.

நான்காம் படி: பத்தியாக்கி, கோடு போடுங்கள்

உங்கள் கவிதையைத் தாளில் ஒரே பத்தியாக எழுதுங்கள். பென்சிலால் சாய்கோடு போட்டு மூன்று விதமாகப் பிரித்துப் பாருங்கள். கணினியில் எண்டர் தட்டிப் பிரிப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தட்டியவுடன் அழகாகத் தெரிவதால் அதுவே சரி என்று தோன்றிவிடும். கவிதையைப் பக்கத்தின் நடுவில் அமைப்பதும் வேண்டாம். இடது ஓரம் நேராக இருந்தால்தான் வலது ஓரத்தின் வெட்டு கண்ணில் படும்.

பிற்சேர்க்கை

கைபேசியில் படித்த ஒருவர், நீளமான வரிகள் தானாக மடங்கி, எது என் மடிப்பு, எது திரையின் மடிப்பு என்று தெரியவில்லை என்றார். நியாயமான குறை. என் கவிதை ஒன்றையும் ஓர் இதழ் ஒடுங்கிய பத்தியில் அச்சிட்டு மூன்று வரிகளை ஆறாக்கிவிட்டது. அதிலிருந்து வரிக்கு ஐந்தாறு சொற்களுக்கு மேல் வைப்பதில்லை. நீளவரி வேண்டியே ஆக வேண்டும் என்றால், மடங்கிய பகுதியை உள்தள்ளி வையுங்கள்.

இன்னொருவர், வாய்விட்டுப் படிக்கும்போது வரியின் முடிவில் நிறுத்தவேண்டுமா என்று கேட்டார். முற்றுப்புள்ளிக்கு நிறுத்துவதுபோல நிறுத்தினால் வாக்கியம் செத்துப்போகும், நிறுத்தாமல் ஓடினால் வரி செத்துப்போகும். கைபேசியில் பதிவு செய்து கேட்டுக் கேட்டு நான் கண்டுபிடித்த வழி இது: "அப்பாவின் கடிதம் வரும்" என்று சொல்லிக் குரலை இறக்காமல் அரை நொடி அப்படியே பிடித்து வைத்திருங்கள். பிறகு "பாதையெல்லாம்" என்று தொடங்கி, "புல்" என்ற இடத்தில் குரலை இறக்குங்கள்.