1963 கார்வெட் வாங்கப் போகிறீர்களா? பெயிண்டைக் கடைசியில் பாருங்கள்

பின்கண்ணாடி நடுவே ஒரு பட்டை இறங்கி, அதை இரண்டாகப் பிரிக்கும் செவ்ரொலே கார்வெட் 1963 கூப்பே (மூடிய கூரை கொண்ட இரண்டு கதவு ரகம்) மட்டும்தான். பின்னால் வருவதை மறைக்கிறது என்று அந்தப் பட்டையைக் கார்வெட்டின் தந்தை எனப்படும் பொறியாளர் சோரா ஆர்கஸ்-டன்டோவே வெறுத்தார். மறு ஆண்டே எடுத்துவிட்டார்கள். அதனால் விலை ஏறியது. விலை ஏறியதால் போலியும் வந்தது. அமெரிக்காவில் இப்படி ஒரு கார் விற்பனைக்கு வந்தால், இந்த வரிசையில் பாருங்கள்.

படி 1: வண்டி எண். கையுறைப் பெட்டிக்குக் கீழே குனிந்தால் சிறு தகடு தெரியும். 1963 கூப்பேயின் எண் 30837S என்று தொடங்கும். S என்பது செயின்ட் லூயிஸ் தொழிற்சாலை. எண் 4-இல் தொடங்கினால் அது 1964 வண்டி. பின்பக்கத்தை வெட்டிப் பட்டையை ஒட்டியிருக்கிறார்கள். உரிமைப் பத்திரத்திலும் இதே எண் இருக்க வேண்டும்.

படி 2: என்ஜின். பாதி விலை இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், என்ஜினின் அடி உடலான பிளாக்கின் மேல் விரலளவு தட்டையான இடம் உண்டு. துணியால் துடைத்து டார்ச் அடியுங்கள். அங்குள்ள எண்ணின் கடைசி ஆறு இலக்கம் வண்டி எண்ணோடு ஒத்துப்போனால், வண்டியோடு பிறந்த என்ஜின் என்பதற்கு அது நல்ல அடையாளம். RF என்ற எழுத்துகள் இருந்தால் 360 குதிரைத்திறன் கொண்ட ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் ரகம். RC என்றால் 250. ஆனால் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். தொழிற்சாலையில் கடைந்த பரப்பில் முன்பின்னாக மெல்லிய கோடுகள் ஓடும். வழவழவென்று இருந்தால், யாரோ தேய்த்துவிட்டுப் புது எண் அடித்திருக்கலாம்.

படி 3: உடல். பழைய கார் என்றால், பெயிண்டுக்கு அடியில் இரும்பா பூச்சா என்று பார்க்கக் காந்தத்தை எடுப்போம். இங்கே அது வேலைக்காகாது, உடல் முழுக்க ஃபைபர்கிளாஸ், அதாவது கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக். சக்கர வளைவுக்குள் கையை விட்டு உட்புறத்தைத் தடவுங்கள். தொழிற்சாலைப் பலகை இருபுறமும் வழுவழுப்பாக இருக்கும். உள்ளே இழை சொரசொரத்தால், மோதிய பின் மாற்றிய பலகை.

படி 4: துரு. ஃபைபர்கிளாஸ் துருப்பிடிக்காது என்ற நினைப்பில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். உள்ளே இருப்பது எஃகுச் சட்டகம், அடியில் அதைத் தாங்குவது எஃகுச் சேசிஸ். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் சேசிஸ் மேல்நோக்கி வளையும் இடத்தை ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். ‘டொக்’ என்று மந்தமாகக் கேட்டால் சந்தேகப்படுங்கள். பிறகு காலடிப் பக்கப் பலகையைக் கழற்றி, முன்கண்ணாடித் தூணின் அடியைப் பாருங்கள். அங்கே இரும்பு பொரிந்திருந்தால், என் கருத்தில் அந்த வண்டி வேண்டாம்.

படி 5: ஓட்டம். முகப்பு விளக்குகள் மோட்டாரால் சுழன்று வெளிவர வேண்டும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். அதைவிட நன்றாகப் பிடிக்கும் டிஸ்க் 1965-இல்தான் வந்தது, எனவே முன்வண்டிக்கு இடைவெளி விட்டே ஓட்டிப் பாருங்கள்.