பிளாஸ்மிட் இருக்கிறதா என்று டெட்ராசைக்ளின் பிளேட்டிடம் கேட்காதீர்கள்

போன வாரம் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவி, வெல்வெட் துணியில் ஒற்றிய பாக்டீரியாக் காலனிகளை, டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த பிளேட்டில் அழுத்தி வளர்த்தார். பாக்டீரியாவுக்குள் ஏற்றிய பிளாஸ்மிட், அதாவது குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டிஎன்ஏ வளையம், இன்னும் இருக்கிறதா என்று பார்க்கத்தான். மறுநாள் எடுத்துப் பார்த்துவிட்டு, “எல்லாமே வளர்ந்திருக்கு, பிளாஸ்மிட் அப்படியே இருக்கு” என்றார். அது டிடி104 வகை சால்மோனெல்லா, பல மருந்துகளை எதிர்க்கும் பாக்டீரியா. இதே இடத்தில் நான் நான்கு மாதம் தொலைத்திருக்கிறேன். லேபிள் ஒட்டுவது, கையுறை மாற்றுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாமல் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

இருவருக்கும் பொதுவான அடையாளத்தை வைத்து ஒருவரைத் தேடுவது

டிடி104-இன் குரோமோசோமில் எஸ்ஜிஐ1 என்ற மரபணுத் தீவு, அதாவது வெளியிலிருந்து வந்து செருகிக்கொண்ட மரபணுத் தொகுப்பு, உட்கார்ந்திருக்கிறது. ஆம்பிசிலின், குளோராம்ஃபெனிகால், ஸ்ட்ரெப்டோமைசின், சல்ஃபா, டெட்ராசைக்ளின் ஆகிய ஐந்துக்கும் எதிர்ப்பு அதிலேயே உண்டு. நான் அந்தப் பாக்டீரியாவுக்குள் ஏற்றியது இன்க்சி என்ற வகைப் பிளாஸ்மிட். செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் சிஎம்ஒய்-2 மரபணு அதில் உண்டு, தீவில் இல்லை. அதிலும் டெட்ராசைக்ளின் எதிர்ப்பு இருந்தது. ஆக, பிளாஸ்மிட் போனாலும் பிளேட்டில் காலனி வரும்.

ஆன்டிபயாடிக் இல்லாத ஊடகத்தில் பத்து நாள் வளர்த்தேன். தினமும் ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றினால் நாளுக்குச் சுமார் 10 தலைமுறை. டெட்ராசைக்ளின் பிளேட் நிறையக் காலனிகள். ‘நிலையானது’ என்று நோட்டில் எழுதி, அதை நம்பி அடுத்த மூன்று சோதனைகளைச் செய்தேன். நான்காம் மாதம் வேறொரு தேவைக்காக அதே கல்ச்சரை செஃப்ட்ரியாக்சோன் பிளேட்டில் போட்டால், விளிம்போரம் ஐந்தாறு காலனிகள்தான்.

பிளாஸ்மிட்டை விரட்டியது அந்தத் தீவு. இன்க்சி பிளாஸ்மிட், அடுத்த செல்லுக்குத் தாவ உதவும் தன் இடமாற்ற மரபணுக்களை முடுக்க ஒரு புரதம் செய்கிறது. தீவு அதையே தனக்கான சைகையாக எடுத்துக்கொண்டு குரோமோசோமிலிருந்து கழன்று வட்டமாகிறது, பிரதி எடுத்துப் பெருகுகிறது. பிளாஸ்மிட் கட்டிய குழாய் வழியாகவே அடுத்த செல்லுக்கும் போகிறது. இன்க்சி பிளாஸ்மிட் உள்ள செல், அதே வகைப் பிளாஸ்மிட்டை மறுபடி உள்ளே விடாது. தீவு அந்தக் குழாயில் தன் சொந்த டிராஜி புரதத்தைப் பொருத்தி அந்தத் தடையையும் தாண்டிவிடும். பெருகிய தீவும் பிளாஸ்மிட்டும் ஒரே செல்லில் நீடிப்பது கடினம். ஆன்டிபயாடிக் அழுத்தம் இல்லையென்றால் பிளாஸ்மிட்தான் வெளியேறும்.

ஆகவே பிளாஸ்மிட்டில் மட்டும் உள்ள எதிர்ப்பை வைத்துச் சோதியுங்கள். என் விஷயத்தில் அது செஃப்ட்ரியாக்சோன். அப்புறம் தீவு, பிளாஸ்மிட் இரண்டுக்கும் தனித்தனி பிசிஆர் (குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை).

பிளாஸ்மிட் இழப்பை ‘செல்லுக்குச் சுமை’ என்று எழுதிவிடுவது

நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். தீவு இல்லாத சால்மோனெல்லாவில் அதே பிளாஸ்மிட்டை ஏற்றி, அதே பத்து நாள் வளர்த்துப் பாருங்கள். அங்கே அது அசையாமல் நிற்கும். சுமைதான் காரணம் என்றால் இங்கும் போயிருக்க வேண்டுமே.

ஊடகத்தில் எப்போதும் ஆன்டிபயாடிக் வைத்திருப்பது

தீவுக்கும் பிளாஸ்மிட்டுக்கும் நடக்கும் சண்டையே கண்ணில் படாது.

குறுந்துண்டு வரிசையாக்கத்தை மட்டும் நம்புவது

ஐஎஸ்26 போல் டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் துண்டுகளில் அசெம்பிளி, அதாவது படித்த துண்டுகளைக் கோத்து முழு வரிசையாக்குவது, உடையும். எந்த எதிர்ப்பு மரபணு தீவில், எது பிளாஸ்மிட்டில் என்று பிரிக்க நீள்துண்டு வரிசையாக்கம் வேண்டும்.

முதல் நாளிலிருந்தே கல்ச்சரை உறைய வைக்காதது

கிளிசராலில் போட்டு மைனஸ் 80-இல் தினமும் ஒரு குழாய். என்னிடம் கடைசி நாள் குழாய் மட்டுமே இருந்தது. பிளாஸ்மிட் மூன்றாம் நாள் போனதா, ஒன்பதாம் நாள் போனதா என்று பார்க்க மொத்தத்தையும் மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.