கேட்காமல் கும்பிட்ட பிறகு வந்த தூக்கம்

குழந்தை இல்லாத ஏக்கம். சாமி முன் நின்றாலே மனது முரண்டு பிடித்தது, இரவில் தூக்கமில்லை. குன்றக்குடிக்குக் காவடி நேர்ந்துகொண்டேன், வைரவன்பட்டியில் விளக்கேற்றினேன், வளைகாப்பு வீடுகளைத் தவிர்த்தேன். பலனில்லை.

பிள்ளையார்பட்டியில் பக்கத்து வீட்டு ஆச்சி, "இன்றைக்கு ஒன்றும் கேட்காதே ஆத்தா. கிடைத்ததை மட்டும் சொல்லு" என்றார். குடைவரையில் கற்பக விநாயகருக்கு இரண்டே கைகள், ஒன்றில் மோதகம். அதைப் பார்த்தபடி தொடங்கினேன். மனதுக்குள் சொன்னால் நன்றிக்கு நடுவே வேண்டுதல் நுழைந்துவிடுகிறது. பலரும் கவனிக்காதது இதுதான். முணுமுணுப்பாகவாவது வாய்விட்டு, ஆளைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும்: காய்ச்சலில் கஞ்சி கொண்டுவந்த ஓரகத்தி, முற்றத்து வற்றலை மழைக்கு முன் அள்ளிவைத்த மாமியார்.

ஏக்கம் போகவில்லை, தூக்கம் வந்துவிட்டது. கேட்க வேண்டியதைக் கடைசியில் ஒரே வரியில் கேட்கிறேன். பிள்ளையார் கொடுப்பார் என்றே நம்புகிறேன்.