டீவி ரெக்கோர்டிங் தொடங்குமுன்

பதிவு வசதியுள்ள டீவி பெட்டி புதிதாக எடுத்தவர்களே, யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் அநேகமாக ஃபோர்மட் செய்யவா என்று கேட்கும், ஆம் என்று அழுத்தினால் அதிலிருக்கும் கல்யாண வீடியோவெல்லாம் போய்விடும், ஆகவே வெறும் டிஸ்க்கையே கொடுங்கள். விநாடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் வரும் எச்டி ஒளிபரப்பு மணிக்கு 3.6 ஜிபி பிடிக்கும். 500 ஜிபி தாராளம்.

அப்புறம் கிரிக்கெட். பிரேமதாச மைதானத்தில் மழை வந்தால் ஆட்டம் நீளும், முடிவு நேரத்தை ஒரு மணிநேரமாவது தள்ளி வையுங்கள், எனக்கு ஒருமுறை கடைசி ஓவர்களே பதியாமல் போய் மனசு கேட்கவில்லை.

வேலைக்குப் போகும்போது சுவர் சுவிட்சை அணைக்காதீர்கள். ஸ்டாண்ட்பையில் இருந்தால்தான் பெட்டி தானாகப் பதியும். பதிந்தது பெரும்பாலும் அந்தப் பெட்டியில் மட்டுமே ஓடும், லாப்டொப்பில் ஓடாது.