வீல் ஸ்பேசர்: எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பதற்கு முன்னால்

ஸ்விஃப்ட், ஐ20, பழைய ஹோண்டா சிட்டி மாதிரி வண்டிகளைப் பின்னால் நின்று பார்த்தால் உடம்பு அகலமாகவும் டயர் மட்கார்டுக்குள் ஒடுங்கியும் தெரியும். அதை வெளியே கொண்டுவரப் புது அலாய் வாங்கினால் பெரிய செலவு, வண்டியில் வீல் மாட்டும் ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் வைக்கும் ஸ்பேசர் தட்டைப் போட்டால் சின்னச் செலவு, அதனால் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி "எத்தனை எம்.எம். போடலாம்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. ஸ்பேசர் அழகுக்காக ஒட்டுகிற ஸ்டிக்கர் இல்லை. வண்டியின் மொத்தப் பாரமும் பிரேக் பிடிக்கும் விசையும் அந்த அலுமினியத் தட்டின் வழியாகத்தான் போகின்றன.

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். வண்டியின் எடையை ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், நட்டு ஏறும் அந்த நான்கைந்து மரைக் கம்பிகள், அதாவது ஸ்டட்தான் தாங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நட்டை இறுக்கும்போது ஸ்டட் மிக நுண்ணிய அளவுக்கு நீள்கிறது, அப்படி நீண்ட ஸ்டட் திரும்பச் சுருங்கப் பார்க்கிறது, அந்த இழுப்புதான் வீலை ஹப் முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வுதான் வீலை நழுவாமல் வைத்திருக்கிறது. அழுத்தம் குறைந்தால் வீல் ஹப்பின் மேல் நுண்ணளவில் அசையும், ஸ்டட் வளைந்து நிமிர்ந்து களைத்துப் போகும், ஒருநாள் முறியும். கீழே சொல்லும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த அழுத்தத்தைக் கெடுப்பவைதான்.

எல்லாவற்றையும்விட மோசமானது வாஷர் வேலை. ஸ்பேசர் வாங்காமல் ஒவ்வொரு ஸ்டட்டிலும் ரெண்டு வாஷரைக் கோத்து வீலை மாட்டிவிடுவது. முழு முகமும் அழுந்த வேண்டிய இடத்தில் நான்கு சின்ன வட்டங்கள் மட்டும் அழுந்தும், நட்டை இறுக்க இறுக்க வீல் வளையும். இதில் விவாதிக்க எதுவும் இல்லை, செய்யவே கூடாது. ஒரு ஸ்பேசரின் மேல் இன்னொன்றை அடுக்குவதும் கூடாது. 10 மில்லிமீட்டர் வேண்டும் என்றால் 10 மில்லிமீட்டரில் ஒரே துண்டாக வாங்குங்கள்.

"4x100 தானே, எல்லாத்துக்கும் சேரும்"

கடையில் அதிகம் கேட்கும் பொய் இதுதான். ஸ்விஃப்ட், ஐ20, பழைய சிட்டி மூன்றுக்கும் பி.சி.டி. 4x100 தான், அதாவது நான்கு ஸ்டட்டும் 100 மில்லிமீட்டர் வட்டத்தில் உட்கார்ந்திருக்கும். ஆனால் ஹப்பின் நடு மேடு (வீலின் நடு ஓட்டை உட்காரும் வட்டம்) ஸ்விஃப்டிலும் ஐ20யிலும் 54.1 மில்லிமீட்டர், சிட்டியில் 56.1. சிட்டிக்கு என்று கடைந்த ஸ்பேசரை ஸ்விஃப்டில் போட்டால் ஏறிவிடும், ஆனால் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். வீல் நடுவில் உட்காராது, ஊருக்குள் ஓட்டும்போது எதுவும் தெரியாது, பைபாஸில் 80 தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கும். அப்புறம் நீங்கள் பாலன்சிங் கடைக்கு மேல் பாலன்சிங் கடையாக அலைவீர்கள், பாலன்சிங் மெஷினில் எல்லாம் சரியாகவே காட்டும், ஏனென்றால் வீலில் கோளாறே இல்லை.

சரி, ஸ்விஃப்டுக்கும் ஐ20க்கும் நடு மேடுகூட ஒன்றுதானே என்றால், அங்கே மரை வேறு. சுசுகியில் M12x1.25, ஹூண்டாயில் M12x1.5. அதாவது 12 மில்லிமீட்டர் ஸ்டட், ஒரு சுற்றுக்கு நட்டு 1.25 அல்லது 1.5 மில்லிமீட்டர் நகரும். தனக்கென்று ஸ்டட் உள்ள போல்ட்-ஆன் ஸ்பேசர் வாங்கினால் கூடவே நட்டும் வரும். தவறான மரை உள்ள நட்டை ஏர் கன் வைத்து அடித்தால் ரெண்டு சுற்று ஏறி இறுகின மாதிரியே இருக்கும், உள்ளே ஸ்டட்டின் மரை சிதைந்துகொண்டிருக்கும். எந்த நட்டாக இருந்தாலும் முதலில் கையால் திருகுங்கள். கையால் முழுக்க ஏறாத நட்டை எந்த மெஷினும் நேர்மையாக ஏற்றாது.

ஸ்டட்டின் நீளம்

மூன்று, ஐந்து மில்லிமீட்டர் தட்டையான ஸ்பேசரை இருக்கும் ஸ்டட்டின் மேலேயே கோத்துவிடலாம் என்பார்கள். ஐந்து மில்லிமீட்டர் ஸ்பேசர் என்றால் நட்டு பிடிக்கும் மரையில் ஐந்து மில்லிமீட்டர் போயிற்று. பொதுவான கணக்கு இது: ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ, அவ்வளவு நீளத்துக்காவது நட்டு மரையில் இருக்க வேண்டும். 12 மில்லிமீட்டர் ஸ்டட், 1.5 மரை என்றால் எட்டுச் சுற்று. 1.25 மரை என்றால் பத்துச் சுற்று. வீலை மாட்டி, நட்டு முகத்தில் உட்கார்ந்தபின் கழற்றிக்கொண்டே எண்ணிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. ஆறு சுற்றில் நட்டு கையில் வந்துவிட்டால் அந்த ஸ்பேசரோடு வண்டியை நகர்த்தாதீர்கள், நீளமான ஸ்டட் மாற்றிவிட்டுப் போடுங்கள்.

தட்டை ஸ்பேசரில் இன்னொரு சிக்கல், அது ஹப் மேட்டையும் விழுங்கிவிடும். வீலைத் தாங்கி நடுவில் நிறுத்த மேட்டில் ஒன்றும் மிச்சமில்லை என்றால் மறுபடி அதே நடுக்கம்தான். தடிமனான ஸ்பேசர் வாங்கும்போது அதன் வெளிமுகத்திலும் ஹப் அளவுக்கு மேடு கடைந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

20, 25 மில்லிமீட்டர் போல்ட்-ஆன் ரகம் இந்தத் தலைவலியைத் தீர்க்கிறது, ஏனென்றால் அது தனியாக ஹப்பில் இறுகும், வீல் அதன் சொந்த ஸ்டட்டில் இறுகும். ஆனால் பழைய ஸ்டட் ஸ்பேசரின் முகத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால், வீலின் பின்பக்கம் அதற்குக் குழி இருக்க வேண்டும். பல அலாய்களில் இருக்கும். ஸ்டீல் ரிம்மில் பெரும்பாலும் இருக்காது, வீல் ஸ்டட் நுனியில் முட்டிக்கொண்டு நிற்கும், நட்டு இறுகின மாதிரி தெரியும். ஸ்டட்டை அறுத்துவிடலாம் என்று மெக்கானிக் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், நாளைக்கு ஸ்பேசரைக் கழற்றினால் அந்த ஸ்டட் எதற்கும் உதவாது.

நட்டின் அடிவடிவம் பற்றியும் சொல்ல வேண்டும், இது நிறையப் பேர் கண்ணில் படுவதே இல்லை. ஹோண்டா கம்பெனி ரிம்மில் நட்டு உட்காரும் குழி உருண்டையாக இருக்கும், ஃபோக்ஸ்வேகனிலும் அப்படித்தான். வெளியில் வாங்கும் அலாய்களுக்கும் ஸ்பேசர் கூடவே வரும் நட்டுகளுக்கும் அது கூம்பு வடிவம். உருண்டைக் குழியில் கூம்பு நட்டைப் போட்டால் ஒரு மெல்லிய கோட்டில்தான் தொடும், நாலு நாளில் தளரும்.

அளவு எடுப்பது

கணக்கு சுலபம். ரிம் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் அழுந்தும் முகத்துக்கும் உள்ள தூரம்) 45 என்றால், 10 மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டதும் அது 35 ஆக வேலை செய்யும். ஒவ்வொரு பக்கமும் 10 வெளியே, மொத்த அகலத்தில் 20. தவறு நடப்பது அளக்கும் விதத்தில். ஜாக்கியில் தூக்கி வைத்து அளக்கிறார்கள். வீல் தொங்கும்போது காட்டும் இடைவெளிக்கும் வண்டி ஓடும்போது இருக்கும் இடைவெளிக்கும் சம்பந்தமே இல்லை. சமதரையில் நிறுத்தி, மட்கார்டு விளிம்பிலிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, டயரின் புடைப்பு வரை அளக்க வேண்டும். ரிம்மை மட்டும் பார்த்து அளந்தால் போதாது, டயர் ரிம்மைவிடப் புடைத்திருக்கும். அப்புறம் பின் சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்துத் திரும்ப அளங்கள்.

பின்பக்கம் குறிப்பாகக் கவனம் தேவை. இந்த வண்டிகளில் பின்னால் ட்விஸ்ட் பீம் ஆக்சில், அதாவது ரெண்டு வீலையும் ஒரே குறுக்குத் தண்டு இணைக்கும். சில வண்டிகளில் இருக்கும் இண்டிபெண்டெண்ட் சஸ்பென்ஷனில் வீல் மேலே ஏறும்போது தலையைக் கொஞ்சம் உள்ளே சாய்த்துக்கொள்ளும், அதனால் மட்கார்டில் படாமல் தப்பிக்கும். ட்விஸ்ட் பீமில் ரெண்டு வீலும் சேர்ந்து அமுங்கும்போது கிட்டத்தட்ட நேராக மேலே வரும். குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது ஒரு ஸ்பீட் பிரேக்கரில் மட்கார்டின் உள்விளிம்பு டயரின் தோளைச் சீவிவிடும்.

முன்பக்கம் வேறு கதை. டயர் உள்ளே ஸ்ட்ரட்டில் (ஷாக் அப்சார்பர் தூணில்) உரசுகிறது என்று ஸ்பேசர் போடுவார்கள், அது சரிதான், ஆனால் வெளியே தள்ளிய வீல் திரும்பும்போது இன்னும் பெரிய வளைவில் சுற்றும், பம்பர் மூலையிலோ உள் லைனரிலோ போய்த் தேய்க்கும். ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, ரிவர்ஸிலும் பாருங்கள். டயர் உயரம் அதிகமாகி மேலே இடிக்கிறது என்றால் அதற்கு ஸ்பேசர் மருந்தே இல்லை, டயர் அளவைத்தான் மாற்ற வேண்டும்.

முன்னால் நிறையப் போட்டால் ஸ்டியரிங்கின் குணமும் மாறும். ஸ்டியரிங் திரும்பும் அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் நடுவுக்கும் உள்ள தூரம் கூடுவதால், ஒரு பக்க வீல் குழியில் விழுந்தால் கையை வெடுக்கென்று இழுக்கும். வீல் பேரிங்கின் மேல் நெம்புகோல் பாரமும் ஏறும். அதனால் என் கருத்து, ஊர் வண்டிக்கு முன்னால் கொஞ்சமாகவும், பின்னால் தேவைக்கு ஏற்றபடியும் போதும். மட்கார்டுக்கு வெளியே டயர் எட்டிப் பார்க்கும் அளவுக்குப் போனால் மழைக்காலத்தில் சேறு முழுக்கக் கதவில்தான் இருக்கும், பக்கத்தில் வரும் பைக்காரர் முகத்திலும்.

மாட்டும் நாளும் அதற்குப் பிறகும்

ஹப் முகத்தில் துரு இருந்தால் வயர் பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும், கடலோர ஊர்களில் இது இன்னும் முக்கியம். துருவின் மேல் இறுக்கினால், துரு நசுங்கியதும் இறுக்கம் போய்விடும். மரையில் ஆயில் விடாதீர்கள், அதே டார்க்கில் (இறுக்கும் முறுக்கு விசையில்) ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். ஏர் கன் வேண்டாம், டார்க் ரெஞ்சு வைத்துக் குறுக்கு மறுக்காக இறுக்குங்கள். சிட்டிக்கு 108 நியூட்டன் மீட்டர், ஃபோக்ஸ்வேகன் போலோவுக்கு 120. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று மேனுவலில் இருக்கும். 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை திரும்பச் சரிபார்க்க வேண்டும். போல்ட்-ஆன் ரகத்தில் ஸ்பேசரை ஹப்போடு பிடித்திருக்கும் நட்டுகள் வீலுக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன, வெளி நட்டை மட்டும் இறுக்கிப் பார்த்துவிட்டுத் திருப்தியடைபவர்கள்தான் அதிகம். வீலைக் கழற்றி உள்ளேயும் பாருங்கள்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஸ்பேசர் போட்டதை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்காமல் விட்டால், விபத்துக்குப் பிறகு க்ளெய்மில் சண்டை போட வேண்டி வரலாம்.

கடைசியாக ஸ்டெப்னி. போல்ட்-ஆன் போட்ட வண்டியில் ஸ்டீல் ஸ்டெப்னி உட்காருகிறதா என்று வீட்டிலேயே மாட்டிப் பாருங்கள், ராத்திரி பஞ்சரான பிறகு கண்டுபிடிப்பதில் பயனில்லை. போலோ மாதிரி ஸ்டட் இல்லாமல் போல்ட் உள்ள வண்டியில் ஸ்பேசருக்காக நீளமான போல்ட் போட்டிருப்பீர்கள். ஸ்பேசரைக் கழற்றிவிட்டு அதே நீள போல்டை முறுக்கினால் அது ஹப்புக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு பிரேக் பாகங்களை இடிக்கும். அதனால் பழைய போல்டுகளை ஒரு பையில் போட்டு ஜாக்கியோடு டிக்கியிலேயே வையுங்கள், பஞ்சர் கடைக்காரர் வீலில் கை வைப்பதற்கு முன்னால் ஸ்பேசர் இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.